பருமன் ஏறாத தேக்கு: நிற்க வேண்டிய மரத்துக்கு முதலில் சாயம் பூசுங்கள்

கேள்வி: 3 ஏக்கரில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் தேக்கு நட்டு 9 வருடம் ஆகிறது. ஏக்கருக்கு 900 மரம் நிற்கிறது. இதுவரை ஒன்றைக்கூட வெட்டவில்லை. உயரம் 12 மீட்டர் வந்து இன்னும் ஏறுகிறது. சுற்றளவு மட்டும் இரண்டு வருடமாக அப்படியே இருக்கிறது. சிலது 60 செ.மீ., பலது 36 செ.மீ.தான். நுண்ணூட்டக் கலவை போடச் சொல்கிறார்கள் உரக்கடையில். மர வியாபாரி ஒருவர், "பெருத்ததை நான் எடுத்துக்கொள்கிறேன், வெளிச்சம் பட்டால் சின்னது தன்னால் பெருக்கும்" என்கிறார். எந்த உரம், எவ்வளவு போடலாம்?

பதில்: உரம் வேண்டாம். உயரமும் சுற்றளவும் சேர்ந்து நின்றிருந்தால் மண்ணையும் வடிகாலையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். உயரம் ஏறுகிறது, பருமன் மட்டும் நிற்கிறது என்றால் அது நெருக்கடி. அடிமரத்தைப் பருக்க வைப்பது இலை. உங்கள் மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று உரசி, கீழ்க்கொப்புகள் காய்ந்து, உச்சியில் ஒரு குஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். 12 மீட்டர் மரத்தில் 4 மீட்டருக்காவது பச்சைத் தலை இருக்க வேண்டும். அது இல்லாத மரத்துக்கு மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் களைதான் செழிக்கும். 5 வருடத்திலேயே ஒன்றுவிட்டு ஒன்று கலைத்திருக்க வேண்டிய தோப்பு இது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எதை வெட்டுவது, எதை விடுவது என்பதை. வியாபாரி சொன்னது தோப்பைக் கெடுக்கும் யோசனை. சின்ன மரம் வயதில் இளையது அல்ல. பெருத்ததோடு ஒரே நாளில் நட்டு, போட்டியில் தோற்றது. அதற்கு வெளிச்சம் கொடுத்தாலும் பெருத்தது அளவுக்கு எழும்பாது. கணக்கும் பாருங்கள்: 36 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் 11.5 செ.மீ. 12 மீட்டர் உயரத்துக்கு அது நூறில் ஒரு பங்குகூட இல்லை. அக்கம்பக்கத்து மரம் தாங்கித்தான் நிற்கிறது. பெருத்ததை எடுத்ததும் முதல் காற்றில் வளையும், இல்லையென்றால் சாயும். 60 செ.மீ. மரத்துக்கு விட்டம் 19 செ.மீ.; அது சொந்தக் காலில் நிற்கும். பெருத்ததை விற்றுவிட்டால் தோப்பில் மிஞ்சுவது கழிசடைதான்.

வெட்ட வேண்டியதற்குக் குறி போடும் பழக்கத்தை விடுங்கள். நிற்க வேண்டியதற்கு முதலில் போடுங்கள். ஏக்கருக்கு 150, ஏறக்குறைய 5 மீட்டருக்கு ஒன்று. கீழே 5, 6 மீட்டர் வரை நேராக, கவை இல்லாமல், முறுக்கு இல்லாமல், தலை நாலாபக்கமும் பரவிய மரம். அதற்கு நெஞ்சுயரத்தில் வெள்ளை வளையம். அப்புறம் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். அதன் தலையை இடிக்கும் மரங்களில் மோசமான இரண்டு, சில இடத்தில் ஒன்று, அவற்றுக்குச் சிவப்பு. ஏக்கருக்கு அதிகபட்சம் 300 கழியும். மற்ற மரங்களைத் தொடாதீர்கள். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் அடிமரத்தில் வெயில் பட்டு பக்கப்போத்து கிளம்பும், பலகையில் கணு விழும். இரண்டு வருடம் கழித்து இதையே இன்னொரு சுற்று செய்யுங்கள்.

சிவப்பை இரண்டு இடத்தில் பூசுங்கள்: நெஞ்சுயரத்தில் ஒன்று, தரையை ஒட்டி வேர்ப்புறத்தில் ஒன்று. வெட்டி முடித்ததும் தரையில் நிற்கும் அடிக்கட்டைகளைச் சுற்றி வாருங்கள். அடியில் சிவப்பு இல்லாத கட்டை எல்லாம் உங்களைக் கேட்காமல் வெட்டியது. சாயத்தையும் தூரிகையையும் வியாபாரியின் ஆள் கையில் கொடுக்காதீர்கள். கூலிக்கு வெட்டட்டும், தேர்வு உங்களுடையது.

வெட்டும்போது, விழ வேண்டிய பக்கம் விட்டத்தில் நாலில் ஒரு பங்குக்கு வாய் திறந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து போடும் பின்வெட்டை அதைவிட 2, 3 செ.மீ. மேலே கொடுங்கள். நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அறுபடாமல் இருக்க வேண்டும், 15 செ.மீ. மரத்துக்கு ஒன்றரை செ.மீ. அதுதான் கீல். அவசரத்தில் அதையும் அறுத்தால் மரம் திரும்பி வெள்ளை வளைய மரத்தில் பட்டையை உரித்துக்கொண்டு விழும். அந்தக் காயத்தில் அழுகல் புகுந்தால் போவது அடித்துண்டு. விலை உள்ளதே அதுதான். நெருக்கமான தோப்பில் பாதி மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கும். தாங்கும் மரத்தை வெட்டி இறக்குவது உயிர்ச்சேதத்துக்கு நேர்வழி. அடிப்பக்கத்தில் கயிறு கட்டி, தள்ளி நின்று பின்னால் இழுங்கள். மற்றவர்கள் 24 மீட்டர், அதாவது இரண்டு மர உயரம், தள்ளியே இருக்கட்டும்.

வெட்டாமல் பட்டையை வளையமாகச் சீவிக் கொல்லலாம் என்றும் யாராவது சொல்வார்கள். பர்மாவில் பெருந்தேக்கை அப்படி நின்றபடி காயவிட்டது, கட்டை ஆற்றில் மிதக்க வேண்டும் என்பதற்காக. உங்களுக்கு எதற்கு?

மண் ஈரமாக இருக்கையில் டிராக்டரை உள்ளே விடாதீர்கள். இழுக்கும் பாதை வளையும் இடத்தில் உள்ள சிவப்பு மரத்தைக் கடைசியாக வெட்டுங்கள். இழுக்கும் கட்டை வெள்ளை வளைய மரத்தில் படாமல் அதன்மேல் உரசிப் போகட்டும். அடிக்கட்டையில் வரும் துளிரை முதல் வருடம் இரண்டு தரம் ஒடியுங்கள். கழித்த மரத்தில் வைரம், அதாவது நடுவில் உள்ள கெட்டி மரம், கொஞ்சம்தான் இருக்கும். கம்பமாகவும் விறகாகவும்தான் போகும். வெட்டுகூலி கட்டினால் போதும் என்று இருங்கள். வெள்ளை வளைய மரங்களின் சுற்றளவை நெஞ்சுயரத்தில், அந்த வளையத்தின் மேலேயே, வருடம் ஒரு தரம் அதே மாதத்தில் அளந்து எழுதி வையுங்கள். இரண்டாவது வருடமும் ஏறாவிட்டால் அப்போது உரத்தைப் பற்றி எழுதுங்கள்.