அஜைல் டீம் கோடிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன ரெடி பண்ணணும்? ஆறு வாரம் ஸ்பிரின்ட் ஜீரோ தேவையா?

அஜைல்னா சாஃப்ட்வேரை சின்னச் சின்ன சுத்தா செஞ்சு, அப்பப்ப காட்டி, திருத்திக்கிட்டே போற முறை. ஒவ்வொரு சுத்துக்கும் பேர் ஸ்பிரின்ட், முதல் சுத்துக்கு முன்னாடி தயார் பண்ண ஒதுக்கற காலத்தைத்தான் ஸ்பிரின்ட் ஜீரோங்கறாங்க. கேட்டவரோட நிலைமை இதுதான்: எட்டு பேர் இருக்கற புது டீம், இவர்தான் ஸ்க்ரம் மாஸ்டர் (ஸ்க்ரம்ங்கற அஜைல் முறைப்படி டீம் வேலை செய்ய உதவறவர்), மேனேஜர் "முதல்ல ஆறு வாரம் ஸ்பிரின்ட் ஜீரோ போடுங்க, எல்லாத்தையும் பக்காவா பிளான் பண்ணிட்டு அப்புறம் கோடிங் போலாம்"ங்கறார். இது சரியான்னு கேக்கறார்.

ஆறு வாரம் வேணாம். ரெண்டு வாரம் போதும். அந்த ரெண்டு வாரத்துலயும் பிளான் மட்டும் போடாதீங்க.

மேனேஜர்கிட்ட பேச ஒரு பாயிண்ட் வேணும்னா, ஸ்க்ரம் முறையோட விதிகளைச் சொல்ற ஸ்க்ரம் கைடுல ஸ்பிரின்ட் ஜீரோங்கற வார்த்தையே கிடையாது. ஸ்க்ரமை உருவாக்கின கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் எழுதினது, 2020 பதிப்பு சின்னதுதான், ஒரு டீ குடிக்கற நேரத்துல படிச்சிடலாம். அதுல ஸ்பிரின்ட்னா ஒரு மாசம் இல்லன்னா அதுக்கும் கம்மி, முடியும்போது பயன்படுத்தற மாதிரி ஏதாவது ஒண்ணு கையில இருக்கணும், அவ்ளோதான். அப்ப ஆறு வாரம்ங்கறது கணக்குப்படி ஸ்பிரின்ட்டே இல்ல. இதை அப்படியே போய் சொல்லிடாதீங்க, அப்ரைசல் டைம்ல ஞாபகம் வச்சுப்பாங்க :)

நான் இதை ஏன் இவ்ளோ உறுதியா சொல்றேன்னா நாங்களே ஆறு வாரம் போட்டு அடி வாங்கியிருக்கோம். அப்ப நான் டெஸ்டர், ஸ்க்ரம் மாஸ்டர் ஆகல. கடன் விண்ணப்பம் வாங்கற ஒரு மொபைல் ஆப், கிளையண்ட் மும்பைல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி. ஆறு வாரம் உக்காந்து நூத்தி எண்பது ஸ்டோரி (ஆப் என்ன செய்யணும்னு சொல்ற சின்னக் குறிப்பு) எழுதினோம், ஒவ்வொண்ணுக்கும் அக்சப்டன்ஸ் கிரைட்டீரியா, அதாவது எதெல்லாம் சரியா இருந்தா ஏத்துக்கலாம்ங்கற பட்டியல், சுவர் முழுக்க ஆர்க்கிடெக்சர் படம், எந்த ஸ்பிரின்ட்ல எது முடியும்னு எட்டு மாசத்துக்கு எக்ஸெல் ஷீட். பாக்கறதுக்கு கல்யாண மண்டபம் மாதிரி ஜோரா இருந்துச்சு. முதல் ஸ்பிரின்ட் முதல் நாள் காலைல ஒரு பையன் வந்து "அண்ணா, எனக்கு கிட் ஆக்சஸே இன்னும் வரல"ன்னான் (கிட்லதான் டீமோட கோட் எல்லாம் இருக்கும்), பாத்தா அவனுக்கு மட்டும் இல்ல, மூணு பேருக்கு இல்ல. டெஸ்ட் சர்வர் கேட்டு டிக்கெட் போடணும்ல, அதை டெவ் லீட் போட்டிருப்பார்னு நானும் நான் போட்டிருப்பேன்னு அவரும் நெனச்சு கடைசில யாருமே போடல. கிரெடிட் ஸ்கோர் எடுக்கற ஏபிஐயோட (நம்ம ஆப் வெளி சிஸ்டத்தோட பேசற வழி) டெஸ்ட் லிங்க்குக்கு நம்ம சர்வர் ஐபியை, அதாவது அதோட நெட்வொர்க் முகவரியை, அவங்க பக்கம் அனுமதிப் பட்டியல்ல சேக்கணுமாம், அதுக்கு ஒரு ஃபார்ம், அந்த ஃபார்ம்ல கிளையண்ட் செக்யூரிட்டி டீம் கையெழுத்து, அது வந்து சேரும்போது ஸ்பிரின்ட்டே முடிஞ்சிருந்துச்சு. ரெண்டு வாரம் கழிச்சு டெமோல நாங்க காட்டினது ஒரு லாகின் ஸ்கிரீன், அதுவும் ஒருத்தரோட லேப்டாப்ல. அந்த நூத்தி எண்பது ஸ்டோரில பாதிக்கு மேல பின்னாடி மாறிடுச்சு இல்ல தூக்கிப் போட்டாச்சு, அது தனி சோகம்.

அதனால இப்ப நான் எந்த டீம் ஆரம்பிச்சாலும் முதல்ல ஒரே ஒரு வேலைதான். ஒரு ஸ்கிரீன், ஒரு பட்டன். பட்டனை அமுக்கினா சர்வருக்குப் போகணும், சர்வர் டேட்டாபேஸ்ல ஒரு வரி எழுதணும், அந்த வரியைத் திரும்ப எடுத்து ஸ்கிரீன்ல காட்டணும். அழகே வேணாம். ஆனா கோட் கிட்ல ஏறணும், பில்ட் (கோடை ஓடற ஆப்பா மாத்தற வேலை) தானா ஓடணும், ஒரு ஆட்டோமேஷன் டெஸ்ட்டாவது பாஸ் ஆகணும், டெஸ்ட் சர்வர்ல தானா டிப்ளாய் ஆகணும், அதாவது ஏறி ஓடணும், கிளையண்ட் ஆள் அவர் ஆபீஸ்ல உக்காந்து லிங்க்கைத் திறந்து பட்டனை அமுக்கணும். அலிஸ்டர் கோபர்ன் (Cockburn) இதுக்கு வாக்கிங் ஸ்கெலிட்டன்னு பேர் வச்சார், நடக்கற எலும்புக்கூடு, சதை அப்புறம் போட்டுக்கலாம். 2001 பிப்ரவரில யூட்டாவுல ஸ்னோபேர்ட்ல 17 பேர் கூடி அஜைலோட அடிப்படை அறிக்கையான அஜைல் மேனிஃபெஸ்டோ எழுதினாங்கல்ல, அதுல இவரும் ஒருத்தர். அதோட 12 கொள்கைகள்ல ஒண்ணு, முன்னேற்றத்துக்கு முதல் அளவுகோல் ஓடற சாஃப்ட்வேர்தான்னு. எக்ஸெல் ஷீட்னு சொல்லல.

இந்த எலும்புக்கூட்டை நடக்க வைக்கப் போகும்போதுதான் எந்த ஆக்சஸ் இல்ல, எந்த போர்ட் திறக்கல, எந்த ஃபார்ம்ல யார் கையெழுத்து பாக்கின்னு ஒண்ணொண்ணா வெளிய வரும். மீட்டிங் போட்டு "எல்லாருக்கும் ஆக்சஸ் இருக்கா"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவாங்க, வேலை செஞ்சு பாத்தாதான் தெரியும். வெளி கம்பெனி ஏபிஐ எதாவது இருந்தா அதை இந்த ரெண்டு வாரத்துலயே ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பாத்துடுங்க, அதுலதான் நாள் இழுக்கும். டீம்ல இருக்கற ஒவ்வொருத்தரும், டெஸ்டரும் சேத்துதான், ஒரு சின்ன மாத்தம் பண்ணி டிப்ளாய் வரைக்கும் கொண்டு போகணும். செட்டப் டாக்குமெண்ட்டை கடைசியா வந்து சேந்தவர் கையில குடுங்க, அவருக்குத்தான் எங்க தடுக்குதுன்னு தெரியும், மத்தவங்களுக்கு பழகிப் போயிருக்கும்.

ரெண்டாவது, பிராடக்ட் ஓனர், அதாவது என்ன செய்யணும், எது முதல்லன்னு முடிவு எடுக்கறவர், யாருன்னு பேர் சொல்லுங்க. ஒரே பேர். சர்வீஸ் கம்பெனில என்ன ஆகும்னா நிஜ ஓனர் கிளையண்ட் பக்கம் இருப்பார், வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் கிடைப்பார், நம்ம பக்கம் ஒரு பிஏவை (பிசினஸ் அனலிஸ்ட்) அவருக்கு பதிலா நிறுத்துவாங்க, பாவம் அந்த பிஏ எதைக் கேட்டாலும் "கேட்டு சொல்றேன்"தான். தப்பு அவர் மேல இல்ல, முடிவு எடுக்கற அதிகாரத்தை யாரும் அவருக்குக் குடுக்கல. எதெதுல அவரே முடிவு எடுக்கலாம், எதுக்கு மேல கேக்கணும், கேட்டா எவ்ளோ நேரத்துல பதில் வரணும், இதை ஸ்பிரின்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கிளையண்ட் வாயாலயே சொல்ல வச்சு ஒரு மெயில்ல போட்டுடுங்க.

ஸ்டோரி எவ்ளோ எழுதணும்? ரெண்டு ஸ்பிரின்ட்டுக்கு தேவையானது மட்டும் விளக்கமா, மீதி எல்லாம் ஒரு வரி. ஆனா எஸ்டிமேஷனை, ஒவ்வொரு ஸ்டோரியும் எவ்ளோ பெரிய வேலைன்னு மதிப்பிடறதை, டீம் மொத்தமா உக்காந்து பண்ணுங்க, இதுல சோம்பல் படாதீங்க. நம்பருக்காக இல்ல, அதுல வர்ற சண்டைக்காக. அதே கடன் ஆப்ல "பான் நம்பர் சரிபார்ப்பு"ன்னு ஒரு ஸ்டோரி. பிளானிங் போக்கர்ல (வேலையோட அளவுக்கு ஆளாளுக்கு ஒரு பாயிண்ட் நம்பர் சீட்டு காட்டறது, பெரிய நம்பர்னா பெரிய வேலை) டெவலப்பர் 2 காட்டினார், நான் 13 காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் சொன்னது நியாயம்தான், அஞ்சு எழுத்து, நாலு எண், ஒரு எழுத்து, மொத்தம் பத்து, ஒரே வரி கோட். நான் கேட்டேன், ஜி, நம்பர் சரி, பேர் பொருந்தணும்னு கிளையண்ட் சொல்றாரே, நம்ம ஊர்ல ஆதார்ல "எஸ் முருகன்"னு இருக்கும், பான் ஃபார்ம்ல இனிஷியல் போட விடமாட்டாங்க, அதனால அப்பா பேரை விரிச்சு எழுதி "சுப்பிரமணியன்"ங்கறது குடும்பப் பேர் மாதிரி உக்காந்திருக்கும், பேங்க் பாஸ்புக்ல "முருகன் எஸ்"னு இருக்கும், இந்த மூணும் ஒரே ஆள்னு ஆப் எப்படி கண்டுபிடிக்கும்? ரூம் அமைதி. மும்பைல உக்காந்து ஸ்டோரி எழுதினவருக்கு இனிஷியல்னு ஒரு விஷயம் இருக்கறதே தோணியிருக்காது. அந்த ஸ்டோரி மூணா உடைஞ்சுது. நூத்தி எண்பது ஸ்டோரி எழுதின ஆறு வாரத்துல வெளிய வராதது ஒரு பத்து நிமிஷ வாக்குவாதத்துல வந்துச்சு. ஆனா பாயிண்டை எல்லாம் கூட்டி "இத்தனை மாசத்துல முடியும்"னு கிளையண்ட்கிட்ட இப்பவே சொல்லிடாதீங்க, ரெண்டு மூணு ஸ்பிரின்ட் ஓடினாதான் டீம் எவ்ளோ இழுக்கும்னு தெரியும், அதுக்கு முன்னாடி சொல்றது எல்லாம் கிளி ஜோசியம்.

அப்புறம் "முடிஞ்சுது"ன்னா என்னன்னு எல்லாரும் ஒரே மாதிரி பேசிக்கோங்க. டெவலப்பருக்கு கோட் எழுதியாச்சுன்னா முடிஞ்சுது, எனக்கு டெஸ்ட் சர்வர்ல நான் பாத்தாதான் முடிஞ்சுது, கிளையண்ட்டுக்கு அவர் போன்ல வந்தாதான் முடிஞ்சுது. அஞ்சாறு வரி போதும், கோட் ரிவ்யூ ஆச்சா, டெஸ்ட் எழுதியாச்சா, டெஸ்ட் சர்வர்ல ஓடுதா, பிராடக்ட் ஓனர் பாத்தாரா, இந்த மாதிரி. ரொம்ப நீளமா எழுதினா யாரும் பாக்க மாட்டாங்க.

வேலையைப் பட்டியல் போட்டு கண்காணிக்க ஜிராவா வேற டூலான்னும் கேட்டிருக்கீங்க, கம்பெனில எது ஏற்கனவே இருக்கோ அது. அதுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல செலவு பண்ணாதீங்க.

லீவ் காலண்டரை மட்டும் மறக்காதீங்க. ஜனவரி நடுவுல ஸ்பிரின்ட் போட்டுட்டு பொங்கலுக்கு பாதி டீம் ஊருக்கு பஸ் ஏறினப்புறம் கமிட்மெண்ட் பத்தி பேசி பிரயோஜனம் இல்ல. உங்க கிளையண்ட் அமெரிக்கா கிழக்குப் பக்கம்னா இன்னொண்ணு, நம்ம சாயங்காலம் ஆறரைக்கு ஸ்டாண்ட்அப் (தினமும் நடக்கற சின்ன டீம் மீட்டிங்) வச்சா கோடைல அவங்களுக்கு காலைல ஒன்பது, நவம்பர் முதல் ஞாயிறு அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிடுவாங்க, அப்ப நம்ம ஆறரை அவங்களுக்கு எட்டு. அவங்க ஒன்பதுக்குத்தான் வருவேன்னா நம்ம ஏழரைக்கு மாறணும், எங்க ஆபீஸ் கேப் ஏழேகாலுக்கு கிளம்பிடும். எங்க டீம்ல நாலு பேர் மார்ச் வரைக்கும் சோழிங்கநல்லூர் சிக்னல்ல கேப்ல நின்னுக்கிட்டேதான் ஸ்டாண்ட்அப் பேசினாங்க.