பழைய வீடியோ கேம் போர்டுக்கு அடாப்டர்: விலைக்கு வாங்குவதற்கு முன் மீட்டரை எடுங்கள்

கேள்வி: என் மாமா 1990-களில் மார்த்தாண்டத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். அவர் வீட்டுப் பரணில் மூன்று கேம் போர்டுகள் கிடைத்தன. பெட்டியும் வயரும் இல்லை. இரண்டு போர்டுகளின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 பற்கள் (வயர் இணைக்கும் செம்புப் பட்டைகள்), ஒன்றில் 22. சென்னையிலிருந்து பேசிய ஒருவர், "எல்லாம் செத்த போர்டு, மூன்றுக்கும் சேர்த்து 1,500 தருகிறேன். ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், எதற்கும் பொருந்தும் அடாப்டர் 6,500-க்கு அனுப்புகிறேன்" என்கிறார். எனக்கு ஓரளவு சால்டரிங் தெரியும். நானே செய்ய முடியுமா?

பதில்: முடியும். போர்டை விற்கவும் வேண்டாம், பற்களில் செருகி வயர்களை இணைக்கும் அந்த அடாப்டரை வாங்கவும் வேண்டாம். போனில் பேசியே ஒரு போர்டு செத்துவிட்டது என்று சொல்ல யாராலும் முடியாது. அவருக்கே தெரியும், செத்த போர்டுக்கு யாரும் 1,500 தரமாட்டார்கள் என்று.

"எதற்கும் பொருந்தும்" என்ற சொல்லை நம்பாதீர்கள். 1985-இல் ஜப்பானியக் கேம் இயந்திரத் தயாரிப்பாளர் சங்கம் ஜாம்மா என்ற பொது இணைப்பைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு 28, மொத்தம் 56 பற்கள், ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 3.96 மில்லிமீட்டர். அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு ஒழுங்கு. அத்தனைக்கும் ஒரே அடாப்டர் என்பது நடக்காத காரியம். நாற்பது வருடம் ஆகிவிட்டது. இன்னும் இந்த அடாப்டரை விற்கிறவர்கள் எந்தப் பல் எதற்கு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட உள்ளே வைப்பதில்லை. வாங்குகிறவன் போர்டைக் கருக்கிக்கொண்டு என்னிடம் வருகிறான். "திரும்ப எடுக்க மாட்டோம்" என்ற வரியை மட்டும் மறக்காமல் அச்சடித்துவிடுகிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பற்களைச் சுத்தம் செய்யுங்கள். நம் மாவட்டத்தில் கடற்காற்றும் இரண்டு மழைக்காலமும் சேர்ந்து செம்பைப் பச்சையாக்கிவிடும். பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் போதும். உப்புத்தாளைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், மேல்பூச்சு போய்விடும்.

அடுத்து, கரண்ட் கொடுக்காமலே மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் வையுங்கள். போர்டில் 74 என்று தொடங்கும் எண் உள்ள சின்ன ஐசிகள் நிறைய இருக்கும். ஒன்றின் அரைவட்ட வெட்டு மேலே வரும்படி பாருங்கள். பெரும்பாலானவற்றில் இடது வரிசையின் கடைசிக் கால் எர்த் (போர்டின் 0 வோல்ட்), வலது வரிசையின் முதல் கால் 5 வோல்ட். எர்த் காலில் ஒரு முனையை வைத்துக்கொண்டு மறு முனையால் ஓரப் பற்களைத் தொட்டுக்கொண்டே வாருங்கள். ஜாம்மா போர்டென்றால் இரு கோடியிலும், இரு பக்கத்திலும், முதல் இரண்டு பற்கள் பீப் அடிக்கும். இப்போது 5 வோல்ட் காலை வைத்துப் பாருங்கள். எந்தக் கோடியிலிருந்து எண்ணினால் 3, 4-ஆம் பற்கள் அடிக்கின்றனவோ, அந்தக் கோடிதான் 1. மார்க்கரால் அங்கேயே எழுதிவையுங்கள். 5 வோல்ட்டும் எர்த்தும் ஒன்றோடொன்று பீப் அடித்தால் போர்டில் ஷார்ட் இருக்கிறது, அதோடு நிறுத்திவிடுங்கள்.

1 எது என்று இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 6-ஆம் பல்லில் 12 வோல்ட் வரும். ஓரப் பற்களில் மாட்டும் சாக்கெட்டைத் தலைகீழாகச் செருகினால் 6-க்கு எதிரே வருவது 23, அதாவது இரண்டாம் பட்டன். பட்டன் பாதையில் இருப்பது 5 வோல்ட் ஐசி. 12 வோல்ட் பட்டதும் போய்விடும். இதைத் தடுக்கத்தான் 7-ஆம் இடத்தில் ஒரு தடுப்பு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மலிவுச் சாக்கெட்டில் அது இருப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் துண்டை அங்கே நீங்களே ஒட்டிவிடுங்கள். இன்னொன்று: எந்தப் பல் எதற்கு என்று காட்டும் ஜாம்மா படத்தில் இருப்பது போர்டை முன்னால் பார்க்கும் ஒழுங்கு. நீங்கள் சால்டர் செய்வது சாக்கெட்டின் பின்புறம். அங்கே இடம் வலமாக மாறும். படத்தைப் பார்த்து நேராக வயர் இழுத்தவர்கள் எல்லாரும் இதே இடத்தில்தான் தவறினார்கள். சாக்கெட்டைப் போர்டில் செருகிவைத்து, ஒவ்வொரு வயரையும் போர்டின் பல் வரை பீப் வைத்துப் பார்த்த பிறகே அடுத்த வயருக்குப் போங்கள்.

கரண்டுக்கு பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) போதும். பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடும். சிவப்பு 5 வோல்ட், மஞ்சள் 12, கறுப்பு எர்த். ஒற்றை மெல்லிய வயரில் 5 வோல்ட் கொடுத்தால் வழியிலேயே குறைந்துவிடும், போர்டு அரைகுறையாக நின்று "செத்த போர்டு" போலவே காட்டும். இரண்டு மூன்று சிவப்பும் அதே அளவு கறுப்பும் சேர்த்துக் கொடுங்கள். அளப்பது ஐசியின் காலில். 4.75-க்குக் கீழும் 5.25-க்கு மேலும் போகக் கூடாது. 5-ஆம் பல்லான மைனஸ் 5 வோல்ட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்து படம். இவை வோல்ட் இல்லை, பல் எண்கள்: படத்தின் சிவப்பு நிறம் 12, நீலம் 13, பச்சை பின்பக்கத்தின் (ஐசி இல்லாத பக்கம்) 12, படத்தை ஒழுங்காக நிறுத்தும் சிங்க் சிக்னல் பின்பக்கத்தின் 13, வீடியோ எர்த் 14. இது 15 கிலோஹெர்ட்ஸ் படம். கம்ப்யூட்டர் மானிட்டர் 31 கேட்கும், அதனால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போர்டு வேண்டும். காசு செலவு செய்வதென்றால் அதற்குச் செய்யுங்கள். ஸ்பீக்கர் 10-ஆம் பல்லிலும் அதன் பின்பக்கத்திலும். ஸ்பீக்கர் மைனஸை எர்த்தோடு சேர்க்காதீர்கள்.

பட்டன் எதுவும் வாங்க வேண்டாம். 16-ஆம் பல்லிலிருந்து வரும் வயரை எர்த்தில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் காசு போட்ட மாதிரி. 17-ஐத் தொட்டால் ஸ்டார்ட். சோதனைக்கு இது போதும்.

இனி அந்த 22 பல் போர்டு. இதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1980-இல் வந்த பேக்-மேன் போர்டுக்கு 44 பற்கள். அதற்குள் போவது 5 வோல்ட் டிசி இல்லை, டிரான்ஸ்பார்மரிலிருந்து நேராக வரும் 7 வோல்ட் ஏசி. போர்டே அதை டிசி ஆக்கி 5 வோல்ட்டாக இறக்கிக்கொள்ளும். எஸ்எம்பிஎஸ்-இன் சிவப்பு வயரை அங்கே கொடுத்தால் டயோடில் கொஞ்சம், ரெகுலேட்டரில் கொஞ்சம் போய், ஐசிக்கு வேண்டிய அளவு கிடைக்காது. படம் வராது. உடனே ஒருவர் வந்து "செத்த போர்டு" என்பார், 500 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போவார். ஓரத்தில் தடித்த டயோடு, பெரிய கெப்பாசிட்டர், அலுமினிய ஹீட்சிங்க் இருந்தால் அது இந்த வகை என்று சந்தேகப்படுங்கள். 44 பல் என்பதால் மட்டும் அது பேக்-மேன் ஆகிவிடாது. வேறு கம்பெனிகளும் அதே சாக்கெட்டை வேறு ஒழுங்கில் பயன்படுத்தியிருக்கின்றன. சாக்கெட் பொருந்துகிறதே என்று ஒன்றுக்குச் செய்த அடாப்டரை இன்னொன்றில் செருகக் கூடாது. ஏசி கொடுக்க வேண்டுமென்றால் 230 வோல்ட் பக்கம் பியூஸ், மூடி எல்லாம் வேண்டும். அதை மேஜை மேல் திறந்து வைத்துச் செய்யாதீர்கள்.

அதனால் முதலில் 28 பல் போர்டுகள் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். மூன்றாவதற்கு இப்போது கரண்ட் வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், ஓரப் பற்கள், பெரிய ஐசிகளின் எண் எல்லாம் தெளிவாகத் தெரிகிற மாதிரி பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். எந்தப் பல் எங்கே போகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.