நட்ட கண்டல் ஏன் பட்டுப்போகிறது?

கேள்வி: யாழ்ப்பாணத்து அராலிப் பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கம் நாங்கள். போன மாரியில் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்த்து 2,000 கண்டல் (உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரம்) கன்று நட்டோம். ஆவணிக்குள் முக்கால்வாசி பட்டுவிட்டது. இந்த மாரிக்கும் நடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்ந்தபோது, 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பாதிக்கு மேல் பிழைத்தவை 3 இடங்கள்தான். பிழையான நில மட்டத்தில் நட்டதும், நட்டபின் ஆள் பார்க்காததும் முக்கிய காரணங்கள்.

நம் பரவைக் கடலில் (ஆழமில்லாத உள்கடலில்) வற்றுப்பெருக்கு சிறிது. ஒரு சாண் உயர்வு தாழ்வே கன்றைக் கொன்றுவிடும். மாரியில் முழங்கால் தண்ணீர் நிற்கிற வெளிதான் சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் உப்புப் பூத்து வெடித்துக் கிடக்கும். மேசனிடம் இருக்கும் நீர்மட்டக் குழாயை வாங்கி, அருகில் தானாக முளைத்து நிற்கும் மரங்களின் அடிநிலத்தோடு நீங்கள் நட்ட இடத்தை ஒப்பிடுங்கள். வீதி மதகு தூர்ந்திருந்தால் அதைத் துப்புரவாக்கும் வழியை முதலில் பாருங்கள். தண்ணீர் வந்து போனால் விதையும் தானாக வந்து ஊன்றும்.

குச்சி போல நீண்ட விதையுள்ள இனத்தை நடுவது சுலபம், அதனால் எல்லோரும் அதையே நடுகிறார்கள். உப்பு ஏறும் நிலத்துக்குக் கண்ணா என்ற கண்டல் இனம்தான் தாங்கும். அதன் விதையை ஓர் இரவு தண்ணீரில் போட்டால் தோல் கழன்றுவிடும். வேர்ப்பக்கம் கீழாக, மூன்றில் ஒரு பங்கு மட்டும் சேற்றில் அழுத்துங்கள். முழுதாகப் புதைத்தால் அழுகும். பூநாரை இரை தேடும் சேற்றுவெளியையும், இறால் குஞ்சு வளரும் கடற்புல் தரையையும் விட்டுவிடுங்கள். வெறுமையாகத் தெரிகிற இடமெல்லாம் காடாக வேண்டியதில்லை.

நடுகைக்கு நூறு பேர் வந்து படம் எடுத்துக்கொள்வதை நான் பங்கேற்பு என்று சொல்லமாட்டேன். எங்கே நடுவது, யார் காப்பது என்ற முடிவில் ஊர் இருக்கவேண்டும். மாடு மேய்ப்பவர், சிறகுவலை (தடி நட்டுக் கட்டும் மீன்வலை) கட்டுபவர், விறகு பொறுக்கும் பெண்கள் ஆகியோர் பெரும்பாலும் சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை. அவர்களைக் கரைக்கே அழைத்து வள்ளப் பாதை, மாட்டுப் பாதை, வலை கட்டும் இடம் மூன்றுக்கும் தடி நட்டு எல்லை குறியுங்கள். அந்த வரைபடத்தைக் கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கும், வனவளத் திணைக்களத்துக்கும் கொடுத்து எழுத்தில் அனுமதி பெறுங்கள். கரை பெரும்பாலும் அரச காணி. கடிதம் இல்லாவிட்டால் நாளை அதை வேறொன்றுக்கு ஒதுக்கும்போது உங்களால் ஒன்றும் பேசமுடியாது.

அடுத்த முறை நட்டதும் 100 கன்றுக்கு அடையாளத் தடி ஊன்றி, மாதம் ஒருமுறை எண்ணுங்கள். நுனி கடிபட்டிருந்தால் மாடு. அடித்தண்டைச் சுற்றித் தோல் உரிந்திருந்தால் நண்டு. இலை ஓரம் கருகினால் உப்பு. பாசி படர்ந்து சாய்த்திருந்தால் வாரம் ஒருமுறை கையால் அகற்ற ஆள் வேண்டும், அந்த ஆளின் பெயரை நடுவதற்கு முன்பே எழுதிவையுங்கள். மூன்று மாதத்தில் பாதி செத்தால், காரணம் தெரியும்வரை இடைவெளிக்குப் புதுக்கன்று வைக்கவேண்டாம்.