8 மில்லிசெகண்ட் எங்கே போகிறது?

டார்வின்-ஓபி என்ற மனித வடிவ ரோபோ: 45 செ.மீ. உயரம், மூட்டுகளை அசைக்க 20 எம்எக்ஸ்-28 சர்வோ மோட்டார்கள், கோணங்களைப் படித்துப் புதுக் கட்டளை அனுப்பும் சுற்று (லூப்) 8 மில்லிசெகண்டுக்கு ஒன்று, அதாவது நொடிக்கு 125 (125 ஹெர்ட்ஸ்). அதே பாணியில் ரோபோ கட்டுகிறவர்களின் கேள்விகள் இவை.

அண்ணா, சர்வோ ஒயரின் பாட் ரேட் (தகவல் வேகம்) 1 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 10 லட்சம் பிட். ஆனாலும் லூப் 70 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லை. கன்ட்ரோலர் போர்டை மாற்றணுமா?

காசைச் செலவழிக்காதே தம்பி, முதலில் கணக்குப் போடு. இந்த வேகத்தில் ஒரு பைட்டுக்கு 10 மைக்ரோசெகண்ட். கோணத்தைக் கேட்க 8 பைட், பதிலுக்கு 8 பைட், மொத்தம் 160. ஆனால் சர்வோ உடனே வாய் திறக்காது. பதிலுக்கு முன் அது காத்திருக்கும் 'ரிட்டர்ன் டிலே டைம்' புதிதாக வாங்கும்போது 250, அதாவது 500 மைக்ரோசெகண்ட். ஆக 660, இருபது சர்வோவுக்கு 13.2 மில்லிசெகண்ட். அதை 0 ஆக்கு, 3.2க்கு இறங்கிவிடும். புதுக் கோணங்களை எழுதும்போது 'சிங்க் ரைட்' பயன்படுத்து: இருபதுக்கும் சேர்த்து 68 பைட், 0.68 மில்லிசெகண்ட்தான்.

லேப்டாப்பில் யுஎஸ்பி வழியே ஓட்டினால் நொடிக்கு மூன்று சுற்றுதான் வருகிறது.

யுஎஸ்பியை சர்வோ ஒயரோடு இணைப்பது எஃப்டிடிஐ சிப்பா? அதன் லேட்டன்சி டைமர் வழக்கமாக 16 மில்லிசெகண்ட். சின்னப் பதிலை அதுவரை பிடித்து வைத்துக்கொள்ளும். இருபது கேள்விக்கு 320 மில்லிசெகண்ட் ஆகிவிட்டதா? டைமரை 1 ஆக்குங்கள். அப்புறம் தனித்தனியாகக் கேட்பதை விட்டு 'பல்க் ரீட்' (எல்லா சர்வோவுக்கும் ஒரே கேள்வி) போடுங்கள்.

1000 ஹெர்ட்ஸ் வைத்தால் இன்னும் உறுதியாக நிற்குமா?

மேலே உள்ள கணக்குப்படி இந்த ஒயரில் அது ஓடவே ஓடாது. ஓடினாலும் தலைவலிதான். கோணத்தை அளக்கும் என்கோடரின் ஒரு படி 0.088 டிகிரி. 8 மில்லிசெகண்டில் ஒரு படி நகர்ந்தால் வேகம் நொடிக்கு 11 டிகிரி என்று வரும். 1 மில்லிசெகண்டில் அதே ஒரு படி 88 டிகிரி! டி-கெயின் (வேகத்தைப் பார்த்துத் திருத்தும் அளவு) அந்த இரைச்சலைப் பெருக்கி மூட்டுகளை உதற வைக்கும்.

குட்டி ரோபோ வேகமாகச் சாயும் என்பது உண்மை. துடைப்பக்கட்டையை உள்ளங்கையில் நிறுத்தலாம், பென்சிலை முடியாது. ஆனால் எடைமையம் 20 செ.மீ. உயரத்தில் இருந்தால் சாய்வின் கால அளவு சுமார் 0.14 நொடி. அதற்குள் 17 சுற்று கிடைக்கிறதே!

சராசரி 125 ஹெர்ட்ஸ் சரியாக இருக்கிறது. ஆனாலும் திடீரென்று உலுக்குகிறது.

சராசரியை நம்பாதீர்கள், மிக நீண்ட சுற்றைப் பதிவு செய்து பாருங்கள். லூப்புக்குள்ளேயே மெமரி கார்டில் எழுதி, இடையிடையே ஒரு சுற்றை இழுத்தடித்தவர்களில் நானும் ஒருவன்.

8ஐ 4 மில்லிசெகண்ட் ஆக்கினேன். கெயின் எதையும் தொடவில்லை, தள்ளாடுகிறது.

தொடாததுதான் தப்பு. கோட் நேர இடைவெளியைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால் டி (பிழையின் மாற்றத்துக்கான திருத்தம்) பாதியாகும், ஐ (சேர்ந்துகொண்டே வரும் பிழைக்கான திருத்தம்) இரட்டிப்பாகும்.