தொண்டை அடைத்தது நிஜம்தான்

கேள்வி: ‘உண்மைக் கதை’ என்று போட்டுக் காட்டும் விளையாட்டுப் படங்களைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அப்புறம் தேடிப் பார்த்தால் பாதி கற்பனை என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை, கொஞ்சம் சீக்கிரம் தேடிவிட்டீர்கள், அவ்வளவுதான். மல்யுத்த வீராங்கனை கீதா போகத்தின் கதையான ‘தங்கல்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் கீதா 55 கிலோ பிரிவில் தங்கம் வாங்கியது நிஜம். ஆனால் படத்தில் கடைசி விநாடி வரை நம்மை நகம் கடிக்க வைத்த அந்த இறுதிப் போட்டியை, நிஜத்தில் அவர் 1-0, 7-0 என்று சாவகாசமாக முடித்துவிட்டார். அந்த நேரத்தில் கீதாவின் அப்பாவை யாரோ அறையில் வைத்துப் பூட்டியதாகக் காட்டியதும் கதைதான். சுலபமான வெற்றிக்குத் தியேட்டரில் யார் விசில் அடிப்பார்கள், சொல்லுங்கள்!

எனக்கு இதைவிட வருத்தம், வெட்டப்படும் விஷயங்களில்தான். 1981-இல் வந்த ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ பார்த்திருப்பீர்கள். மத நம்பிக்கையால் ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டரை விட்ட ஓட்ட வீரர் எரிக் லிடெலுக்கு, ஒலிம்பிக்குக்குக் கப்பல் ஏறும்போதுதான் அந்த ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை வருவது தெரிவதாகக் காட்டுவார்கள். உண்மையில் பல மாதம் முன்பே தெரியும். அந்த மாதங்களில் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்துத்தான் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். அந்தப் பயிற்சி எனக்குக் கப்பல் காட்சியைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

சரி, அடுத்த முறை படம் முடியும் வரை போனைத் தொடாதீர்கள். அழுது முடித்த பிறகு தேடலாம்.