துணியில வரைஞ்சாச்சு, மேல சீலர் அடிக்கணுமா?

கேள்வி: வணக்கம்க்கா, மாயவரத்துலேர்ந்து எழுதுறேன். கொலுவுக்குப் பின்னாடி கட்ட காடாத்துணியில அக்ரிலிக் கலர்ல தேரும் கிளியும் வரைஞ்சிருக்கேன், தாம்பூலம் வச்சுக்குடுக்க 20 மஞ்சப்பைலயும் அதே கலர்தான். சாயம் போகாம இருக்க சீலர் அடின்னு எல்லாரும் சொல்றாங்க. கடைல வார்னிஷ் ஸ்ப்ரே, மாட் பாட்ஜ், ஃபேப்ரிக் மீடியம்னு மூணையும் எடுத்து வைக்கிறாரு. ஒரே பாட்டில்ல ரெண்டு வேலையும் முடிஞ்சிடுமா?

பதில்: முடியாதும்மா. பைக்கு நீங்க எதுவுமே வாங்க வேணாம், காசை முடிஞ்சு வைங்க. ஃபேப்ரிக் மீடியம்ங்கிறது வரையறதுக்கு முன்னாடியே கலரோட கலக்குற சாமான், வரைஞ்சு காஞ்சதுக்கப்புறம் மேல தடவுனா பெருசா ஒண்ணும் ஆகாது. அக்ரிலிக் நல்லா காயட்டும், ரெண்டு மூணு நாள் விட்டுடுங்க, அப்புறம் பையை உள்பக்கம் திருப்பி, மேல ஒரு மெல்லிசு துணி போட்டு, ஸ்டீம் இல்லாம காட்டன் சூட்டுல நாலஞ்சு நிமிஷம் இஸ்திரி போடுங்க, பெட்டிய ஒரே எடத்துல நிறுத்தாதீங்க. அவ்ளோதான், கலர் துணியைப் புடிச்சுக்கும். மொத வாரம் மட்டும் தண்ணில போடாதீங்க.

பைக்கு வார்னிஷ் ஏன் கூடாதுன்னா நான் பட்ட பாடு இருக்கு. எங்க சித்திக்கு ஒரு பை வரைஞ்சு, பளபளன்னு இருக்கட்டுமேன்னு மூணு கோட்டு அடிச்சேன், பாக்க கண்ணாடி மாதிரி இருந்துச்சு, நாலாமாசம் மடிச்ச எடத்துலல்லாம் கோடு கோடா வெடிச்சு கிளியோட கழுத்தே துண்டாப் போயிடுச்சு. இன்னொண்ணை மடிச்சு பீரோல வச்சேன், சித்திரை வெயில்ல ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிச்சு, பிரிச்சா பர்ருனு கலரோட வந்துச்சு. காஞ்ச அக்ரிலிக் படலம் சூட்டுல இளகும், அதான் சங்கதி. மடிச்சுத்தான் வைக்கணும்னா நடுவுல பட்டர் பேப்பர் போடுங்க.

கொலு துணி வேற கதை. அதை மடிக்கப் போறதில்ல, தோய்க்கப் போறதில்ல, தூசி மட்டும் தட்டணும். அதுக்கு பளபளப்பு இல்லாத மேட் ஃபினிஷ்ல வாட்டர் பேஸ்டு அக்ரிலிக் வார்னிஷ் போதும், ஃபோம் பிரஷ்ஷால மெல்லிசா ஒண்ணு, அது நல்லா காஞ்சதும் குறுக்கால இன்னொண்ணு. பாட்டிலைக் குலுக்காதீங்க, குமிழி வந்துடும், குச்சியால கிளறுங்க. அடியில பேப்பர் விரிச்சீங்கன்னா பேப்பர் மை துணியில ஏறிடும், பாலித்தீன் ஷீட் விரிங்க. சீலர் அடிச்சா தீ புடிக்காதுன்னு நெனச்சுடாதீங்க, நல்லாவே புடிக்கும், குத்துவிளக்கு ரெண்டடியாவது தள்ளி இருக்கட்டும். ஸ்ப்ரே வாங்குனா மொட்டைமாடிலதான் அடிக்கணும், பூஜை ரூம்ல அடிக்கவே கூடாது.

மாட் பாட்ஜ்ங்கிற பசை எப்போன்னா டிஷ்யூ நாப்கின் படத்தை துணியில ஒட்டுறவங்களுக்கு. சாதாரண பாட்டில் தண்ணி தாங்காது, ஃபேப்ரிக்னு போட்டிருக்கிறதைத்தான் வாங்கணும், அதுவும் ஒட்டி 4 வாரம் கழிச்சுத்தான் தோய்க்கலாம். நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கறப்ப ஒட்டிக் குடுத்தா வாங்கிட்டுப் போறவங்க மறுநாளே தோய்ச்சுட்டு நம்மளத்தான் திட்டுவாங்க.

இன்னொண்ணு, காடாத்துணிய தோய்ச்சுட்டுதானே வரைஞ்சீங்க? புதுத்துணி கஞ்சியோட வரும், கஞ்சி மேல போட்ட கலர் துணியில ஏறாது, எந்த சீலரும் காப்பாத்தாது.

கேள்வி: திருவாரூர்லேர்ந்து. ஐப்பசி மழைல அடிச்ச வார்னிஷ் வெள்ளையா பால் மாதிரி பூத்துப்போச்சு. மட்டமான சாமானா?

பதில்: சாமானைத் திட்டாதீங்க, நம்ம ஊர் ஈரக்காத்துதான். மேல காஞ்சு உள்ள தண்ணி மாட்டிக்கிச்சு. ஃபேனுக்குக் கீழ நாலு நாள் விட்டுப் பாருங்க, லேசா பூத்திருந்தா தெளிஞ்சிடும். மொத கோட்டு காயாம ரெண்டாவது போட்டிருந்தா கஷ்டம்தான். அடுத்த தடவை வெயிலடிக்கிற நாளாப் பாருங்க, முக்கியமா வெட்டுன துண்டுல ஒரு கை அடிச்சுப் பாத்துட்டு அடிங்க.

கேள்வி: தஞ்சாவூர்ல ஒரு கடைல தண்ணி பாட்டில்ல ஊத்தி, லேபிள் இல்லாம பாதி வெலைக்கு 'ஃபேப்ரிக் சீலர்' குடுத்தாங்க. அடிச்சா துணி அட்டை மாதிரி ஆயிடுச்சு. திருப்பிக் குடுக்கலாமா?

பதில்: பில் இருக்கா? இருந்தா துணியையும் பாட்டிலையும் எடுத்துட்டுப் போய்க் கேளுங்க. 2011 பேக்கேஜ் சாமான் விதிப்படி பொட்டலத்துல தயாரிப்பாளர் பேரு முகவரி, அளவு, எம்ஆர்பி, தயாரிச்ச மாசம், புகார் நம்பர் எல்லாம் இருக்கணும், வெளிநாட்டு சாமான்னா இறக்குமதி பண்ணவங்க முகவரியும். ஒண்ணுமே இல்லாத பாட்டில் பத்தி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குப் போடலாம். பில் இல்லன்னா கடைக்காரர் மனசு வச்சாதான் உண்டு. எனக்கென்னமோ அது தண்ணி ஊத்துன, மரம் ஒட்டுற பசை மாதிரிதான் தோணுது.

கேள்வி: அம்மா வச்சிருந்த கலம்காரி தொம்பைக்கு (கோயில்ல குழாய் மாதிரி தொங்கவிடுற துணி) சீலர் அடிச்சா நல்லா இருக்குமா?

பதில்: தொடாதீங்க. 2021ல புவிசார் குறியீடு வாங்குன கருப்பூர் கலம்காரி மாதிரி வேலைனா கடுக்காயும் படிகாரமும் போட்டு சாயத்தை நூலுக்குள்ளயே நிறுத்தியிருப்பாங்க. மேல பூச்சு போட்டா துணி வெறைச்சுக்கும், எடுக்கவும் முடியாது. வெயில் படாம, மடிக்காம, குழல்ல சுத்தி வைங்க.