கொழும்பு எரிந்தால் டெல்லி வாய் திறக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

(இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பொறுத்துக்கொள்ளவும்.)

கல்லூரி மாணவி, கும்பகோணம்: வெளிநாட்டில் நடக்கும் போராட்டம் வன்முறையில் போய் நிற்கும்போது மற்ற நாட்டுத் தலைவர்கள் தலையிடலாமா? எங்கள் வகுப்பில் இதை வைத்துப் பெரிய சண்டையே நடந்தது. பாதிப் பேர் "அது அவங்க வீட்டு விஷயம்" என்கிறார்கள்.

தலையிடலாம் என்பதுதான் என் பதில், ஆனால் எதைக் கொண்டு தலையிடுவது என்பதில் நான் ரொம்பக் கறாராக இருப்பேன். ஒரு தலைவர் தன் கையில் இருப்பதைச் செய்யட்டும். வாயைத் திறந்து பேசலாம், சுடுகிற அரசுக்கு ஆயுதம் விற்பதை நிறுத்தலாம், உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவருக்குக் கதவைத் திறக்கலாம், பசித்தவருக்கு அரிசியும் மருந்தும் அனுப்பலாம். படையை அனுப்பக் கூடாது. அதைவிட முக்கியமாக, அனுப்பப் போவதில்லை என்று தெரிந்துகொண்டே "நாங்கள் உங்கள் பின்னால் நிற்கிறோம்" என்று தெருவில் நிற்கிற பிள்ளைகளை உசுப்பிவிடக் கூடாது. எனக்கு ஆத்திரம் வருவதே இந்த இரண்டாவதில்தான்.

1956 அக்டோபரில் ஹங்கேரியில் மாணவர்களும் தொழிலாளர்களும் சோவியத் பிடிக்கு எதிராகத் தெருவுக்கு வந்தார்கள். அமெரிக்கப் பணத்தில் ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து ஒலிபரப்பிய 'சுதந்திர ஐரோப்பா வானொலி'யைக் கேட்ட பலருக்கு, மேற்கிலிருந்து உதவி வந்துகொண்டே இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டது. உதவி வரவில்லை, நவம்பர் 4-ம் தேதி டாங்கிகள்தான் வந்தன. சுமார் 2,500 ஹங்கேரியர்கள் செத்தார்கள், 2 லட்சம் பேர் நாட்டை விட்டு ஓடினார்கள்.

அதையே 1991-ல் குவைத் போரின்போது திரும்பவும் பார்த்தோம். பிப்ரவரி 15 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், அதாவது அப்பா புஷ், ஈராக் மக்களே எழுந்து சதாமை இறக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். மார்ச்சில் தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் எழுந்தார்கள். அப்போது அமெரிக்கப் படை தெற்கு ஈராக்கிலேயேதான் இருந்தது, இருந்தும் சதாமின் ஹெலிகாப்டர்கள் மேலே பறந்து சுட்டதைத் தடுக்கவில்லை, ஏனென்றால் போர்நிறுத்தப் பேச்சில் ஹெலிகாப்டர் பறக்கலாம் என்று அனுமதித்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் துருக்கி, ஈரான் எல்லை மலைகளை நோக்கி ஓடிய பிறகுதான் வடக்கில் பாதுகாப்பு வளையம் போட்டார்கள், தெற்கில் செத்தவர்களுக்கு அதுவும் இல்லை.

வீட்டு விஷயம் என்கிற உன் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவு அவர்கள் பக்கம்தான் பேசுகிறது, ஒரு நாட்டின் உள் விவகாரத்தில் ஐ.நா.வே நுழையக் கூடாது என்கிறது. ஆனால் 2005 உச்சி மாநாட்டில் உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து, இனப்படுகொலை, போர்க் குற்றம், இனச் சுத்திகரிப்பு, மனித குலத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்தும் தன் மக்களைக் காக்க வேண்டியது ஒவ்வொரு அரசின் பொறுப்பு, அது தவறினால் உலகம் சும்மா இருக்க முடியாது என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன. பேருந்துக் கண்ணாடி உடைவது இந்த நான்கில் வராது. சொந்த மக்களையே கூட்டம் கூட்டமாகச் சுட்டுத் தள்ளுவது வரும். எதற்கு எவ்வளவு என்று அளந்து பார்க்கத் தெரிந்தால் உங்கள் வகுப்புச் சண்டை பாதியாகக் குறைந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி: படை அனுப்பவே கூடாது என்று எழுதுவீர்கள் என எதிர்பார்க்கிறேன். அப்படியானால் 1971-ல் இந்திரா காந்தி செய்தது தவறா?

ஐயா, தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அது போராட்டத்தில் கல் பறந்த கதை இல்லை. 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், டாக்காவில் தன் சொந்தக் குடிமக்களைக் கொல்லத் தொடங்கியது. சுமார் ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி நம் நாட்டுக்கு வந்தார்கள். டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களைத் தாக்கிய பிறகுதான் முழுப் போர். அப்புறம் நான் பெரிதாக நினைப்பது, 1972 மார்ச்சுக்குள் நம் படை வங்கதேசத்தை விட்டு வெளியேறிவிட்டது.

பதினைந்து ஆண்டு கழித்து நாம் செய்ததையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தம், மறுநாளே நம் படை அங்கே இறங்கியது. யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்ற அதே மக்கள் அக்டோபரில் நம் படைக்குப் பயந்து பதுங்கினார்கள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். 1990 மார்ச்சில் கடைசி வீரன் கப்பல் ஏறும்போது நம் பக்கம் ஆயிரத்துக்கும் அதிகமான சிப்பாய்களை இழந்திருந்தோம். கோடியக்கரையில் நின்றால் அக்கரை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொழி தெரிந்த, உறவு உள்ள, இவ்வளவு பக்கத்தில் இருக்கிற இடத்திலேயே நம்மால் சரியாகச் செய்ய முடியவில்லை என்றால், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கிற ஒரு தலைவர் படையோடு போய் எதைச் சரி செய்துவிடுவார்?

விவசாயி, திருவாரூர்: 2020-ல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தபோது கனடா பிரதமர் ஆதரவாகப் பேசினார். நம் அரசு கோபப்பட்டது. எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தப்பா?

தப்பே இல்லை. அமைதியாகப் போராடும் உரிமை எங்கே இருந்தாலும் உரிமைதான் என்று ட்ரூடோ சொன்னதில் எனக்கும் மறுப்பில்லை, கனடாவில் இருக்கிற பஞ்சாபியர் ஓட்டும் அவர் மனதில் இருந்திருக்கும், இருக்கட்டும். ஆனால் விலை கொடுத்தது யார்? சிங்கு எல்லையில் குளிரில் படுத்திருந்தவர்கள், விலைவாசியைப் பற்றியும் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பற்றியும் பேச வேண்டிய நேரத்தில், தாங்கள் வெளிநாட்டுச் சதியில் இல்லை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. 2021 ஜனவரி 26 அன்று டிராக்டர் பேரணியில் ஒரு பகுதி செங்கோட்டைக்குள் புகுந்து அடிதடி ஆனதும் அந்தப் பேச்சு இன்னும் வலுத்தது. கடைசியில் அவர்கள் எதிர்த்த மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெற வைத்தது ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்த விவசாயிகளின் பிடிவாதம்தான்.

பேசுகிறவர் தனக்கும் அதே அளவுகோலை வைத்துக்கொள்ள வேண்டும். 2022 பிப்ரவரியில் ஒட்டாவாவில் லாரி ஓட்டுநர்கள் தெருவை அடைத்தபோது அதே ட்ரூடோ அவசரநிலைச் சட்டத்தைக் கொண்டுவந்தார், அது நியாயமற்றது என்று கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றமே 2024 ஜனவரியில் சொன்னது.

வாசகர், கதிராமங்கலம் அருகே: போராட்டக்காரர்களே தீ வைத்தால்? அப்போதும் வெளிநாட்டுத் தலைவர்கள் அவர்கள் பக்கம்தான் நிற்க வேண்டுமா?

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் 2017 ஜூன் 30 நினைவுக்கு வந்தது. எண்ணெய்க் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது, ஜனம் கூடியது, அங்கே வைக்கோலில் தீ பிடித்தது, தடியடி நடந்தது, ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் வைத்த தீ என்பதில் போலீஸ் ஒன்று சொன்னது, ஊர் வேறொன்று சொன்னது. பக்கத்து ஊரில் இருக்கிற எனக்கே தீர்ப்புச் சொல்ல வாய் வரவில்லை. அப்படியிருக்க, எங்கேயோ ஒரு தலைநகரில் உட்கார்ந்து இரண்டு நிமிட வீடியோவைப் பார்த்துவிட்டு இந்தக் கூட்டம் தீவிரவாதிகள், அந்தக் கூட்டம் தியாகிகள் என்று அறிக்கை விடுகிறார்களே, அது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் தெரியவில்லை என்பதைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொள்ளவும் கூடாது. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22 அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், 13 பேர் போனார்கள். சில நாட்களிலேயே ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் சிலர் அதைக் கண்டித்து, பாரபட்சமில்லாத விசாரணை வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். உள் விவகாரத்தில் மூக்கை நுழைக்கிறார்களே என்று எனக்குத் தோன்றவில்லை, யாரோ ஒருவராவது கேட்டார்களே என்று நன்றிதான் வந்தது. அவர்கள் யார் குற்றவாளி என்று முடிவு கட்டவில்லை, விசாரி என்றார்கள். அதை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்து போலீஸ் மீது குறை சொன்னது 2022-ல்தான். வெளியிலிருந்து கேட்க வேண்டியது இதைத்தான்: செத்தவர்களை எண்ணு, யார் சுட்டது என்று விசாரி, இணையத்தைத் துண்டிக்காதே, பத்திரிகைக்காரனை உள்ளே விடு.

மீனவர், நாகப்பட்டினம்: 2022-ல் இலங்கையில் அவ்வளவு கலவரம் நடந்தது. நாம் அரிசி அனுப்பியதோடு நின்றுவிட்டோமே, போதுமா?

போதாது என்று நீங்கள் நினைப்பது புரிகிறது அண்ணே, ஆனால் அந்த வருஷம் நாம் செய்தவற்றில் எனக்குப் பெருமையான விஷயமே அந்த அரிசிதான். டெல்லி மொத்தமாக 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியுமாகக் கொடுத்தது. தமிழ்நாடு 40,000 டன் அரிசி, 500 டன் பால் பவுடர், மருந்து என்று சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு அனுப்பியது. அங்குள்ள தமிழ்த் தலைவர்கள், தமிழர்களுக்கு மட்டும் என்று பிரிக்காதீர்கள், எல்லா மக்களுக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள், அப்படியே ஆயிற்று. அடிபட்டவர்கள் அப்படிக் கேட்டதை நான் மறக்க மாட்டேன்.

கலவரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. கொழும்பு காலிமுகத் திடலில் ஒரு மாதமாக அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களை மே 9 அன்று அடித்தவர்கள் ஆளுங்கட்சி ஆதரவாளர்கள். அன்று மாலையே பதிலுக்கு வீடுகள் எரிந்தன, நிட்டம்புவையில் ஓர் எம்.பி. உயிர் போனது. ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தவர்கள் அங்கே கிடைத்த ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ரூபாயைக் கட்டுக்கட்டாக எண்ணிப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். அதே நாள் இரவு அதே ஊரில் வேறொரு கூட்டம் அப்போதைய பிரதமர் ரணில் விக்ரமசிங்கவின் சொந்த வீட்டை அதன் புத்தகங்களோடு கொளுத்தியது. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகப் பார்க்கிற எந்த வெளிநாட்டு அறிக்கையும் அநியாயமானது. ஜூலை 22 விடியும் முன்னே ராணுவம் திடலுக்குள் நுழைந்து, அன்று மதியம் தாங்களாகவே காலி செய்வதாகச் சொல்லியிருந்தவர்களை அடித்தபோது அமெரிக்க, பிரிட்டிஷ், கனடா தூதர்கள் உடனே கேள்வி கேட்டார்கள். டெல்லியும் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கடன் கொடுத்த கைக்கு அந்த உரிமை இருந்தது.

இல்லத்தரசி, கூத்தாநல்லூர்: 2011-ல் என் தம்பி பஹ்ரைனில் வேலையில் இருந்தான். கண்ணீர்ப்புகை அறைக்குள்ளேயே வரும் என்பான். அங்கே எந்த நாடும் தலையிடவில்லையே, ஏன்?

தலையிட்டார்கள் சகோதரி, மன்னர் பக்கமாக. 2011 மார்ச் 14 அன்று பாலத்தைத் தாண்டி ஆயிரம் சவுதி வீரர்கள் பஹ்ரைனுக்குள் வந்தார்கள், சில நாளில் போராட்டக்காரர்கள் கூடியிருந்த முத்துச் சதுக்கத்தின் ஸ்தூபியையே இடித்துவிட்டார்கள். தலையீடு என்றதும் நாம் போராடுகிறவர்களுக்கு உதவி என்றே நினைத்துக்கொள்கிறோம். 2022 ஜனவரியில் கஜகஸ்தானில் எரிவாயு விலை உயர்வை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம் முற்றியபோதும் ரஷ்யா தலைமையில் சுமார் 2,500 வீரர்கள் போனது அதிபர் டோகாயேவ் கேட்டதால்தான். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

உங்கள் தம்பி சொன்ன அந்தப் புகைக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2014 ஜனவரியில் தென் கொரிய அரசு பஹ்ரைனுக்குப் போகவிருந்த பெரிய கண்ணீர்ப்புகைச் சரக்கை நிறுத்தியது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகள். பஹ்ரைன் ஆட்களும் வெளிநாட்டு மனித உரிமைக்காரர்களும் சேர்ந்து கடிதம் மேல் கடிதம் எழுதியதால் நடந்தது. 2019 ஜூனில் பிரிட்டனும் ஹாங்காங் போலீசுக்கு இப்படிப்பட்ட பொருட்களை விற்கப் புது உரிமம் தருவதை நிறுத்தியது. ஒரு துப்பாக்கி கூட வெடிக்காமல் செய்யக்கூடிய தலையீடு இது, ஏன் எல்லாத் தலைவர்களும் முதல் நாளே இதைச் செய்வதில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வாசகர், மயிலாடுதுறை: ஐ.நா. எதற்கு இருக்கிறது?

ஐ.நா. பாதுகாப்புச் சபையில் எந்தத் தீர்மானத்தையும் தடுக்கிற வீட்டோ அதிகாரம் ஐந்து நாடுகள் கையில் இருக்கிறவரை, அந்த ஐந்தில் ஒன்றின் நண்பன் தப்பித்துக்கொள்வான். 2011-ல் லிபியா மீது 1973 என்ற எண்ணுள்ள தீர்மானம் நிறைவேறியது, மக்களைக் காக்க என்று ஆரம்பித்து ஆட்சியைக் கவிழ்ப்பதில் முடிந்தது. அதைக் காரணம் காட்டியே ரஷ்யாவும் சீனாவும் சிரியா தீர்மானங்களைத் தடுத்தன. செத்தது சிரிய மக்கள்.

மருத்துவ மாணவியின் தந்தை, பாபநாசம்: 2024 ஜூலையில் மாணவர் போராட்டத்தின்போது என் மகள் டாக்காவில் மாட்டிக்கொண்டாள். இணையமும் இல்லை, போனும் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் பிள்ளையை வைத்திருக்கிற நாங்கள் என்ன செய்வது?

அந்த மாதமும் ஆகஸ்ட் முதல் பாதியும் சேர்த்து வங்கதேசத்தில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணக்கிட்டது, ஆயிரக்கணக்கான நம் மாணவர்கள் எல்லை வழியாகவும் விமானத்திலும் திரும்பினார்கள். தன் குடிமக்களைப் பத்திரமாக அழைத்து வருவது எந்த அரசும் யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்ய வேண்டிய கடமை, அதில் டெல்லியையும் சென்னையையும் விடாமல் நச்சரியுங்கள். மகள் திரும்பப் படிக்கப் போவதாக இருந்தால், போனதுமே இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், விசா நகல் ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். கூடப் படிக்கிற நாலு தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டு நம்பரைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், செல்போனில் மட்டும் போதாது. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, அதன் நம்பரையும் அதே காகிதத்தில் சேர்த்துவிடுங்கள்.